நாலு மில்லிமீற்றர்

24 மார்ச் 2003, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே அச்சகத்துத் தகரம் கொதிக்கத் தொடங்கிவிட்டது. ஜெனரேற்றர் ஒன்பதுக்குப் பிறகுதான். அதுவரை அட்டை வெட்டினேன். கடைவாய்ப் பல் மறுபடியும் வலி.

இன்றைய வேலை: மரண அறிவித்தல் இரண்டு. சாமத்திய வீட்டு அழைப்பிதழ் ஒன்று (பிள்ளை பெரியவளானதுக்கு மயில் வேண்டுமாம். போன வீட்டுக்காரருக்கு அன்னம்). கடைசியில் ஒரு படம்.

படம் என்றால் வரைபடம். வேலமோட்டைக் குளமும் அதன் கீழ் வயல்களும், வாய்க்கால் வாய்க்காலாக. இந்த அச்சகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு வேலை வந்ததில்லை. முதலாளி செல்வராசா அண்ணைக்கு (இனி செ. அண்ணை, எழுதக் கை நோகிறது) ஒரே சந்தோசப் புழுகம். "கலியாணக் கார்ட்டு அடிச்சே காலம் போச்சுது பிள்ளை. இது வடிவா வந்தா எல்லாக் குளமும் எங்களிட்டத்தான் வரும்."

கொண்டுவந்தவர் வரதன். நீர்த் திட்டத்தில் கணினியில் படம் கீறுகிறவர், ஒப்பந்தம் ஆனி வரைக்கும். என்னைவிட நாலைந்து வயது குறைவு. சட்டைப் பைக்குள் மூன்று பேனா, ஒன்றும் எழுதாது.

விஷயம் இதுதான். சிறுபோகத்துக்கு, அதாவது வெயில்கால விதைப்புக்கு, குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் காணாது. இந்த முறை முதலாம் வாய்க்காலிலிருந்து ஆறாம் வாய்க்கால் வரை தண்ணீர். ஏழு முதல் பதினொன்று வரை தரிசு. கமக்காரர் கூட்டத்தில் போன கிழமை முடிவாகிவிட்டது. தண்ணீர் உள்ள இடம் பச்சை, இல்லாத இடம் வெள்ளை. எழுத்தும் கோடும் கறுப்பு. அறுபது பிரதி.

"வவுனியாவில அடிச்சா இன்னும் நல்லா வருமே?" என்று கேட்டேன்.

"படத்தைச் சுருட்டிக்கொண்டு ஓமந்தை ஆமிச் சோதனைக்குள்ளால போய், அங்க விரிச்சு வைச்சு விளக்கம் சொல்ல என்னால ஏலாது அக்கா."

நியாயம்தான்.

25 மார்ச், செவ்வாய்

வரதனின் (இனி வ.) சீடியைப் போட்டேன். கோடுகள் எல்லாம் முத்து மாதிரி வந்தன. பெயர்கள் நாசம்.

முறை 1: பெயர்களைப் பெயர்களாகவே எடுத்தது. தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக. எழுத்துரு மாற்றினால் பாதி சரிவருகிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

முறை 2: பெயர்களையும் கோடாக்கி எடுத்தது. பார்க்கத் தமிழ். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஐந்தாறு துண்டு. குளத்தின் 'கு'வைப் பிடித்து இழுத்தால் சுழி மட்டும் கையோடு வருகிறது.

முறை 3: எல்லாவற்றையும் ஒரே புகைப்படமாக எடுத்தது. பெரிதாக்கினால் புழுதி.

மத்தியானம் வ. வந்தார். அவருடைய மென்பொருளில் நடக்கிற சங்கதியை விளக்கினார்.

"நான் பேர் எழுதிறேல்லை அக்கா. அந்த வாய்க்காலுக்குள்ளயே அதின்ர பேர் கிடக்கு. படத்தைப் பெரிசாக்கினா அதுவே வசதியான இடம் பாத்து வந்து நிக்கும். சின்னனாக்கினாத் தள்ளி நிக்கும்."

"இடமில்லாட்டி?"

"அதுவே பாத்துக்கொள்ளும்."

கொடுத்துவைத்தவர். என் கணினியில் எதுவும் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதில்லை. அவருடைய பக்கத்திலிருந்து இங்கே வந்த கையோடு பெயருக்கும் வாய்க்காலுக்கும் உறவு அறுந்துவிடுகிறது. பெயர் வெறும் எழுத்து, வாய்க்கால் வெறும் கோடு.

முடிவு: கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை நானே தட்டுவது. வ. தாளில் எடுத்துத் தந்த பிரதியைப் பார்த்து. எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு.

வீட்டில் அம்மா கராம்பு வைத்துவிட்டார். வாய் மரத்தது. பல் மரக்கவில்லை.

26 மார்ச், புதன்

நாள் முழுக்கப் பெயர்கள். தட்டி முடிந்தது மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு ஒழுங்குபடுத்தல். இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. எழுத்தோடு எழுத்து முட்டினால் எனக்குக் கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி. மரண அறிவித்தலில்கூட மருமக்கள் வரிசை நேராக இல்லாவிட்டால் இரவில் நித்திரை வராது.

நகர்த்தியவை:
பிள்ளையார் கோவில், வீதிக்கு மேல் ஏறி நின்றது. கீழே இறக்கினேன்.
'பிரதான வாய்க்கால்', வளைவோடு சேர்த்து வளைத்தேன். அழகு.
கூட்டுறவுச் சங்கக்கடை, நெற்களஞ்சியம், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. பிரித்தாயிற்று.
7, பாடசாலையின் பெயருக்கு அடியில் மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்தில் ஒரு வாய்க்கால் பெயரே இல்லாமல் நின்றது. அதனருகே கொண்டுபோய் விட்டேன். நாலு மி.மீ.
குளத்து வான்கதவு, துருசு (மதகு), எழுத்தைச் சிறிதாக்கினேன்.

பச்சையின் ஓரம் ஓரிடத்தில் பல்லுப்பல்லாக இருந்தது. அதையும் நேராக்கினேன்.

எழும்பி நின்று தூரத்தில் இருந்து பார்த்தேன். எல்லாப் பெயரும் மூச்சு விடுகிறது. நல்ல வேலை.

27 மார்ச், வியாழன்

வ. பிழை பார்க்க வந்தார். தன் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரி போட்டார். நான் வாசிக்க வாசிக்க அவர் பேனா ஓடியது (என் பேனா). நூற்றுப் பதினெட்டும் உண்டு. எழுத்துப் பிழை மூன்று. திருத்தினேன். கீழே கையெழுத்து வைத்தார்.

"அக்கா, என்ர படத்தை விட உங்கட படம் வடிவு."

செ. அண்ணை உழுந்துவடை எடுப்பித்தார். ஆளுக்கு இரண்டு. நான் இடப்பக்கத்தால் மட்டும் சப்பினேன்.

29 மார்ச், சனி

அடித்து முடிந்தது. பச்சை முதலில் கொஞ்சம் கடுமை, பிறகு சரி. அறுபத்திரண்டு வந்தது. இரண்டை நான் வைத்துக்கொண்டேன். வ. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

31 மார்ச், திங்கள்

பின்னேரம் இடியோடு மழை. அரை மணித்தியாலம் கொட்டியது. கூரையில் மூன்று ஓட்டை, வாளி இரண்டுதான். எல்லோருக்கும் சந்தோசம். ஈரத்தோடு உழலாம் என்று தேநீர்க் கடையில் கதை.

2 ஏப்ரல், புதன்

உருத்திரபுரத்தில் ஒரு கலியாணக் கார்ட்டுக்குப் பெயர் சரிபார்க்கப் போக வேண்டியிருந்தது. வரும் வழியில் வேண்டுமென்றே வேலமோட்டைச் சங்கக்கடைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். படத்தைப் பார்க்கும் ஆசைதான், வேறென்ன.

வாசலில் ஒட்டியிருந்தார்கள். கொஞ்சம் சரிவு. ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், படத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். காலில் சேறு. தலையில் ஒரு துணிச் சும்மாடு. நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"தங்கச்சி, உந்தப் பச்சையெண்டாத் தண்ணி வாற இடம்தானே?"

"ஓம் அக்கா."

"எங்கட ஏழாம் வாய்க்கால் உள்ளுக்குத்தானே கிடக்கு?"

பார்த்தேன். பச்சைக்குள் 7, தெளிவாக, தனியாக.

"ஓம், கிடக்கு."

"நல்லது. நாங்கள் தையிலதான் அகதி முகாமில இருந்து வந்தனாங்கள். கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடேல்லை. ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியாமல் நிண்டனான்." விரலை எடுத்துச் சேலையில் துடைத்தார். "கொம்பியூட்டரில கீறினதாம். வடிவாக் கிடக்கு."

வீடு வரும்வரை அந்த வார்த்தைதான். யாரும் என் அழைப்பிதழை இப்படி விரல் வைத்து வாசித்ததில்லை.

7 ஏப்ரல், திங்கள்

குளத்துத் தண்ணீர் திறந்தார்களாம். செ. அண்ணை சொன்னார். புதுவருடத்துக்கு வாழ்த்து அட்டை ஓட்டம் தொடங்கிவிட்டது. பொங்கல் பானை, கரும்பு, சூரியன். சூரியனுக்குச் சிரிப்பு வைக்கச் சொல்லி ஒருவர்.

9 ஏப்ரல், புதன்

காலை பத்து மணிபோல் வேலமோட்டை வட்டவிதானை வந்தார். கந்தசாமி ஐயா. தண்ணீர் முறை பார்க்கக் கமக்காரர் தெரிவுசெய்த ஆள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. கையில் ஒரு கொப்பித் தாள்.

"இதை அறிவித்தலா அடிக்க வேணும். பெரிய எழுத்தில. பேர் நாலும் வடிவாத் தெரிய வேணும்."

"என்ன செய்தவை ஐயா?"

"தண்ணிக் களவு. ஏழாம் வாய்க்காலுக்கு இந்தமுறை தண்ணி இல்லையெண்டு ஊருக்கே தெரியும். இவை விதைச்சுப்போட்டு, நான் இல்லாத நேரம் வாய்க்கால் கதவையும் தாங்களே திறந்துபோட்டினம். கேட்டாப் படத்தில கிடக்காம்."

"எந்தப் படத்தில?"

"நீங்கள் அடிச்ச படம்தான். ஏழு பச்சைக்குள்ள கிடக்கெண்டு ஒரு மனிசி என்னோட வாய்த்தர்க்கம். நான் ஏன் படத்தைப் பாக்க? தீர்மானம் எடுக்கேக்க நான் இருந்தனான்."

வெள்ளி பின்னேரம் கூட்டம். அதற்கு முன் ஊர் முழுக்க ஒட்ட வேண்டும். கூட்டம் முடிந்த கையோடு கதவுக்குப் பூட்டு. அவர் போய்விட்டார். நான் தட்டத் தொடங்கினேன்.

அனுமதியின்றி விதைத்து, வாய்க்கால் கதவைத் தாமாகவே திறந்து நீர் எடுத்த பின்வருவோருக்கு:
1. த. சரோஜினி
2. க. முத்துலிங்கம்
3. சி. இராசம்மா
4. ந. ஜெயபாலன்

நாலாவது பெயர் தட்டியதும் இந்தக் கொப்பியைப் பின்னால் புரட்டினேன். ஏழு முதல் தரிசு என்று நானே எழுதி வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். ஏழு பச்சைக்குள்தானே கிடந்தது. நானே பார்த்தேன். நானே ஓம் என்றேன்.

பழைய கோப்பைத் திறந்தேன். வ. தந்த தாளை எடுத்து யன்னல் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் எங்கள் பிரதியைப் பிடித்தேன். கோட்டின் மேல் கோடு. எல்லாப் பெயரும் கிட்டத்தட்ட அதன் அதன் இடத்தில். ஏழு மட்டும் எல்லைக்கு மற்றப் பக்கம்.

உண்மையான ஏழாம் வாய்க்கால் வெள்ளையில் பெயரில்லாமல் நிற்கிறது. நான் அதை எல்லைக்கோடு என்று நினைத்திருக்கிறேன்.

நாலு மி.மீ. இந்தப் படத்தில் ஒரு சென்ரிமீற்றர் நூறு மீற்றர். அப்படியென்றால் நாற்பது மீற்றர்.

அறிவித்தலை அடிக்கவில்லை. செ. அண்ணையிடம் கணினி மக்கர் என்று பொய் சொன்னேன். பல் வலியே தெரியவில்லை இன்று.

10 ஏப்ரல், வியாழன்

வ.வுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். யன்னலில் பிடித்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. தன் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்.

"நீங்கள் 7ஐக் கொண்டுபோய் விட்ட வாய்க்கால் 6அ. ஆறிலிருந்து பிரியிறது."

"அதுக்கு ஏன் பேரில்லை?"

"பாடசாலையின்ர பேர் நீளம். இடம் காணேல்லை. இடம் காணாட்டி அது ஒரு பேரை ஒளிச்சுப்போடும்."

"அதுவே பாத்துக்கொள்ளும் எண்டு சொன்னீர்."

"ஓம். அது அப்பிடித்தான் பாத்துக்கொள்ளும்."

"ஒளிச்சதெண்டு உமக்குத் தெரியாதே?"

"பட்டியலே நான் அந்தத் தாளைப் பாத்துத்தான் எழுதினனான். தாளில இல்லாதது பட்டியலிலயும் இல்லை." தாளை என் பக்கம் தள்ளினார். "நகர்த்தினது நீங்கள்தானே அக்கா."

"கையெழுத்து உம்மட."

இப்படியே பத்து நிமிடம் பிடுங்குப்பட்டோம். செ. அண்ணை உள்ளே வந்தபோது இருவரும் வாயை மூடிக்கொண்டோம். பிறகு சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். நேற்றைய பொய்யையும் சேர்த்து.

செ. அண்ணை கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார்: "தந்ததை அடிச்சனாங்கள், கையெழுத்துக் கிடக்கு. நீ அங்க போகத் தேவையில்லை பிள்ளை. அச்சகத்தின்ர பேர் கெட்டா ஒருத்தரும் மரண அறிவித்தலுக்குக்கூட வராயினம்."

அவர் போனதும் வ. கதிரையைக் கிட்ட இழுத்தார்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லுறன். இண்டைக்கே புதுசா அடிப்பம். பின்னேரம் நான் போய்ப் பழசைக் கழட்டிப்போட்டு இதை ஒட்டுறன். பிழையை ஒருத்தரும் கவனிக்கேல்லை."

ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பி எதற்கு. அறுபது தாள், ஒரு மணித்தியால வேலை. எல்லாம் சரியாகிவிடும், ஏழு தன் இடத்தில், யாருக்கும் தெரியாது.

"நாலு பேர் கவனிச்சிருக்கினம்," என்றேன்.

"அவையை ஆர் நம்புறது?"

"அதைத்தான் சொல்லுறன். படத்தில கிடக்கெண்டு சொல்லிக்கொண்டு நிக்கினம். நாங்கள் படத்தை மாத்திவிட்டா அவை சொன்னது பொய்யாப் போகும். களவும் எடுத்து, பொய்யும் சொன்னவை எண்டு ஆகும்."

வ. மேசையில் இருந்த, கோடு கீறும் அடிமட்டத்தை எடுத்தார், வைத்தார், எடுத்தார். "எனக்கு ஆனியோட ஒப்பந்தம் முடியுது. இது தெரிஞ்சா நீட்டாயினம்," என்றார். தெரியும். எனக்கும் வேலை போகலாம். பயமாகத்தான் இருக்கிறது.

அறிவித்தல் இன்னும் திரையில். நாலு பெயரும் பெரிய எழுத்தில்.

11 ஏப்ரல், வெள்ளி

கொண்டு போனவை: வ.வின் தாள். எங்கள் பிரதி ஒன்று. அடிமட்டம். தண்ணீர்ப் போத்தல். செ. அண்ணையிடம் பல்லுக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். "கூட்டத்துக்குப் போறன் அண்ணை," என்றேன். அவர் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

கமக்காரர் மண்டபம். பாதிக் கூரை தகரம், பாதி தறப்பாள். அறுபது எழுபது பேர். ஆண்கள் முன்னால், பெண்கள் ஓரத்தில். சுவரில் என் படம். சரிவு.

வட்டவிதானை என்னைக் கண்டதும் கையை நீட்டினார். "அறிவித்தல் எங்க பிள்ளை?"

"அடிக்கேல்லை ஐயா."

"ஏன்?"

"பிழை என்ர."

சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நான் இரண்டு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர் வராத கதை, நான் தட்டிய கதை, 6அ ஒளிந்த கதை. பாதியிலேயே விளங்கியது, இதெல்லாம் இவர்களுக்கு எதற்கு.

முன்வரிசையில் ஒருவர்: "கொம்பியூட்டர்ப் பிழையெண்டு சொல்ல வாறியளோ?"

"இல்லை. நான்தான் நகர்த்தினனான்."

"ஏன் நகர்த்தினியள்?"

"முட்டிக்கொண்டு நிண்டது. வடிவா இருக்கட்டுமெண்டு."

"வடிவுக்கோ!" பின்னால் யாரோ சிரித்தார்கள். முகம் எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு பெண் எழும்பினார். சங்கக்கடையில் விரல் வைத்துப் பார்த்தவர். அவர்தான் சரோஜினி.

"நீங்களே அண்டைக்கு என்னோட நிண்டது?"

"ஓம் அக்கா."

"நான் கேட்டனான். ஏழு உள்ளுக்குத்தானே எண்டு. நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான்."

அவர் வட்டவிதானைப் பக்கம் திரும்பினார். "கேட்டியளே ஐயா? நான் களவெடுக்கேல்லை. எனக்குக் காட்டினதை நம்பினனான். முகாமில எட்டு வருசம், எந்தக் கதவையும் கேளாமல் திறந்தவளில்லை நான்."

வட்டவிதானை சுவருக்குப் போய், கண்ணாடியைப் போட்டு, முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "கிடக்குத்தான்," என்றார்.

அந்த நேரம்தான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். வ. உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். "கையெழுத்து வைச்சது நான். எண்ணிப் பாத்தனான், இடம் பாக்கேல்லை," என்றார். இந்தப் பையனை நேற்று ஏசியதற்கு வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு மணித்தியாலம் சண்டை. குளத்தில் பதினொரு அடிதானாம். ஆறாம் வாய்க்கால்காரர் தங்கள் முறை குறையும் என்று. இன்னொருவர், பிழை செய்தவை அச்சகத்துத் தண்ணியைப் பாய்ச்சட்டும் என்று. அதற்கும் சிரிப்பு. கடைசியில் முடிவு:

சரோஜினி, முத்துலிங்கம்: காணி எல்லையோடு. 6அ-வின் வால்பக்கத்தால் தண்ணீர் விடலாம். ஆறாம் வாய்க்கால்காரர் முறைக்கு அரை நாள் விட்டுக்கொடுப்பது. விதைத்தது தப்பும்.

இராசம்மா, ஜெயபாலன்: தூரம். தண்ணீர் எட்டாது. விதைத்தது போகும். பதிலுக்கு ஆறாம் வாய்க்காலில் ஆளுக்குக் கால் ஏக்கர் பங்கு, இந்தப் போகத்துக்கு மட்டும். விதைநெல்லும் ஆறாம் வாய்க்கால்காரரே கொடுப்பார்கள்.

அறிவித்தல் இல்லை.

புதிய படம். வட்டவிதானை என்னிடம்: "அவை நாலு பேரின்ர பேரையும் படத்தில போடு. நாளைக்கு ஒருத்தன் வந்து, இவைக்கு மட்டும் எப்பிடித் தண்ணியெண்டு கேக்கப்படாது."

இராசம்மா கடைசிவரை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு இருந்தார். அவர் விதைத்தது ஒன்றரை ஏக்கராம். கிடைப்பது கால்.

வெளியே வந்தபோது சரோஜினி சைக்கிளடிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் வந்து சொன்னது நல்லது தங்கச்சி. விதைக்க முந்தி வந்திருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சரிதான்.

12 ஏப்ரல், சனி

வட்டவிதானை வரச் சொல்லியிருந்தார். எல்லை காட்டவாம். வ. கையில் அளவு நாடா. வெயில், காற்றில்லை.

வட்டவிதானை 6அ-வில் நின்றுகொண்டு, "நட பிள்ளை," என்றார். நடந்தேன். வரம்பு, உழுத வயல், வரம்பு, பூவரசு ஒன்று, மறுபடி வரம்பு. எண்ணினேன், ஐம்பத்தெட்டுக் காலடி. ஏழாம் வாய்க்காலுக்குள் காய்ந்த சேறு, வெடிப்பு வெடிப்பாக.

"திரையில உது எவ்வளவு?"

விரலிடுக்கில் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சரோஜினியின் வயலில் முளை வந்திருக்கிறது. ஊசி ஊசியாக. நுனி மஞ்சள். 6அ-விலிருந்து வெட்டிய புதுக் கானில் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை, பாதி வழியில் மண் குடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் சரோஜினியும் அங்கேயே நின்றோம். அரை மணித்தியாலமாவது இருக்கும். நுரையும் சருகுமாக வந்து வரம்பு வாயில் நுழைந்ததும் சரோஜினி குனிந்து கையால் வழி எடுத்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்பால் இராசம்மாவின் வயல். அங்கேயும் முளை.

14 ஏப்ரல், திங்கள்

வருடப்பிறப்பு. அம்மா தலையில் மருத்துநீர் வைத்தார். பொங்கல். இடப்பக்கத்தால் சாப்பிட்டேன். செ. அண்ணை வீட்டுக்குக் கைவிசேடம் (வருடத்தின் முதல் காசு) வாங்கப் போகத் தயக்கமாக இருந்தது, போனேன். வெற்றிலையில் காசு வைத்துத் தந்தார். "நாளையிண்டைக்கு அந்தப் படத்தை முடி. காகிதம் வெட்டி வைச்சிருக்கிறன்," என்றார். வேலை போகவில்லை போலிருக்கிறது. வாசலுக்கு வந்ததும் கொஞ்சம் அழுதேன்.

வ.வுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. மேலதிகாரிக்குத் தானே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

16 ஏப்ரல், புதன்

வானம் மப்பு. மழை வரும் போல, வரவில்லை.

வ. புதிய சீடி தந்தார். இந்த முறை பெயர் எதையும் ஒளிக்கவிடாமல் நிறுத்திவிட்டு எடுத்திருக்கிறார். அதனால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று, சந்தை மாதிரி. பட்டியலும் தாளைப் பார்த்து எழுதியதில்லை, வாய்க்காலைப் பார்த்து எழுதியது. நூற்றிருபத்து நாலு பெயர். ஒளிந்திருந்தது 6அ மட்டுமில்லை.

எனக்கு நானே:
ஒரு பெயரையும் கோடு தாண்டி நகர்த்துவதில்லை.
நகர்த்தினால் கொப்பியில் எழுதி வ.வுக்குக் காட்டுவது.
பெயரில்லாத கோடு கண்டால் கேட்பது.
முடிந்ததும் யன்னலில் பிடித்துப் பார்ப்பது.

6அ வந்துவிட்டது. 7 பழைய இடத்தில், பாடசாலைக்கு அடியில், அரைவாசி தெரிந்தும் தெரியாமலும். பாடசாலையின் எழுத்தைச் சிறிதாக்கினேன். 7ஐத் தொடவில்லை.

பச்சையின் எல்லை 6அ-வோடு நேராக வந்து, இரண்டு காணியைச் சுற்றி வெளியே ஒரு பல்லுப் போலத் துருத்திக்கொண்டு, மறுபடி உள்ளே போகிறது. செ. அண்ணை முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"உதென்ன, பிழையா வெட்டினமாதிரி. நேராக்கு பிள்ளை."

"அது காணி அண்ணை."

"ஓ," என்றார். போய்விட்டார்.

பெயர்கள் புதிதாகத் தட்டத் தேவை இருக்கவில்லை. அடிக்காத அறிவித்தல் இன்னும் கணினியில் கிடந்தது. திறந்தேன். நாலு பெயரையும் அங்கிருந்து எடுத்துப் படத்துக்குள் கொண்டுவந்து, பெரிய எழுத்தைச் சின்னதாக்கினேன். முத்துலிங்கம் துருத்தலுக்குள். இராசம்மாவும் ஜெயபாலனும் ஆறாம் வாய்க்காலில், ஆளுக்கொரு கால் ஏக்கர்ப் பெட்டியில், நெருங்கி. சரோஜினியின் காணியும் துருத்தலுக்குள்தான், ஆனால் ஒடுக்கம். பெயரின் கடைசி எழுத்து எல்லைக்கோட்டின் மேல் ஏறி நிற்கிறது.

கண்ணை உறுத்துகிறது. நகர்த்தவில்லை.